மடைப்பெட்டியும் குளிசையும்

காலையில் அலுவலகக் கதிரையில் இருந்ததும் நான் முதலில் செய்வது அக்காவுக்குப் போன் எடுப்பது. கேட்பது ஒரே கேள்விதான்: அம்மா நித்திரை கொண்டாளா? அக்கா ஓம் என்றால் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கும். விடிய விடியப் புரண்டாள் என்றால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது. பக்கத்து மேசைக்காரி ஒருநாள், வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, அறுபது வயதில் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு எப்போதும் வருவது கொட்டாவிதான்.

இந்த வேலையை எனக்குத் தந்தவர் ஒரு டொக்டர். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. விடியற்காலையில் வீட்டை விட்டுப் போய், கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடிக்கொண்டிருந்த அம்மாவை மீன்பிடிக்கப் போனவர்கள் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிறகு பட்டணத்து ஆஸ்பத்திரியில், மனநோய்க்காரருக்கான வார்ட்டில் நெடுநாள் கிடந்தாள். துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். மருந்துக் குளிசையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நித்திரை குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் உடனே கூட்டிக்கொண்டு வர வேண்டும், விட்டால் திரும்பவும் ஆற்றுக்குத்தான் போவார் என்றார். சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அழுதுகொண்டு நின்றாள். நான் ஒருத்திதான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளங்கியதா மகள் என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன். அவ்வளவுதான் எனக்கு நடந்த நியமனம். அந்தத் தலையை ஆட்டாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சில நாட்களில் எரிச்சல் வரும்.

அன்றிலிருந்து கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவளுடைய வருத்தத்துக்கு, அந்த நோய்க்கு, ஒரு வரிசை உண்டு. முதலில் நித்திரை போகும். பிறகு கழுவத் தொடங்குவாள். கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவுவாள், கூட்டிய வளவைத் திரும்பக் கூட்டுவாள். பிறகு கொடுக்கத் தொடங்குவாள். தன் சேலைகளைத் தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தூக்கிக் கொடுப்பாள். ஒரு தடவை நான் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற சப்பாத்தைத் தயிர்க்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். அவனுடைய மகளுக்கு அது அளவாக இருக்குமாம். அதற்குப் பிறகுதான் பேச்சு, பாட்டு, தெரு, ஆறு. எல்லாம் அடங்கினால் பாய். பாயில் சுவரைப் பார்த்துக் கிடந்தாளென்றால் மாதக்கணக்காகும். குளிக்கக்கூட நான்தான் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். வருத்தமில்லாத நாட்களில் அவளைப் போல ஓர் அம்மா கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல மனிதர். ஆனால் வீட்டில் சத்தம் கேட்டால் அவருக்கு உடனே யானை ஞாபகம் வந்துவிடும். எங்கள் வயல் வவுணதீவுக்கும் அப்பால், காட்டோரத்து வட்டையில் இருக்கிறது. யானை இறங்குகிறதாம் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தாரென்றால் அங்கே காவல் பரணிலேயே படுத்துக் கிடப்பார். வெள்ளாமை வெட்டி முடிந்து வட்டை வெறும் கட்டையாகக் கிடந்த மாதத்திலும் யானை வந்தது. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள்; அவளுக்கு அம்மாவைக் கண்டால் பயம். பயந்தவளை வைத்து என்ன வேலை வாங்க முடியும்? ஆகவே காலைக் குளிசை, இரவுக் குளிசை, மாதாமாதம் பாலம் தாண்டிப் பஸ்ஸில் கிளினிக், எல்லாம் என் தலையில் விழுந்தது. கிளினிக் வாங்கில் இருந்தபடியே பாடம் படித்து முன்னுக்கு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். படிக்கவில்லை. தூங்கி விழுந்தேன்.

எனக்குப் பதினேழு வயதான வருஷம் அக்காவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப்பக்கம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். தாயின் வீடும் வளவும் மூத்த மகளுக்கு எழுதப்படும். தாயும் தகப்பனும் பின்பக்கத்தில் ஓர் அறை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். அதாவது வரப்போகிற மனிதர் எங்கள் அம்மாவோடு ஒரே வளவில் சீவிக்கப்போகிறவர். அவருக்கு இதைச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டபோது அக்கா என் வாயைப் பொத்தினாள்.

அவள் பொத்தியதிலும் நியாயம் இருந்தது. அம்மாவின் தம்பிக்கும் இதே வருத்தம். அவர் ஒருநாள் பஸ் ஏறிப் போனவர், இன்றுவரை தகவலில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குடும்ப வருத்தம் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு அக்காவுக்கும் கலியாணமில்லை, எனக்கும் இல்லை. எனக்கே அந்தப் பயம் இருந்தது. சோதனைக்குப் படித்துவிட்டுப் படுத்து நித்திரை வராமல் கிடந்தால், இது பாடத்தால் வராத நித்திரையா, அம்மாவிடமிருந்து வந்த நித்திரையின்மையா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆகவே அம்மாவுக்குப் பிரஷர் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. குளிசைகளைப் பிரஷர் குளிசைப் பெட்டிக்குள் மாற்றி வைத்தவள் நான்தான். ஆவணியில் கலியாணம். அதுவரைக்கும் அம்மா ஒழுங்காக நித்திரை கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த ஒரே வேண்டுதல் அது.

வைகாசியில் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தது. வருஷத்தில் அந்த ஒரு கிழமைதான் அது திறக்கும். அதைச் சடங்கு என்போம், அம்மனை அம்மாள் என்போம். சடங்கென்றால் ஊரில் மீன் வாடையே இருக்காது. வீடு கழுவி, சட்டி பானை மாற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பகல்பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பார்கள். அங்கேதான் பிசகியது. காலைக் குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியது. சாப்பாடே இல்லை, பிறகு குளிசை எங்கே? வெறும் வயிற்றில் விழுங்கு என்றேன். விரதத்தில் வாய் நனைக்க மாட்டேன் என்றாள். சரி, இரவுக் குளிசையையாவது கொடுக்கலாம் என்று பார்த்தால், சடங்கு நாட்களில் எவள் வீட்டில் படுக்கிறாள்? எல்லாரும் கோயில் வெளியில்தான். அத்தனை சனத்துக்கு நடுவில் பிரஷர் பெட்டியோடு அம்மாவுக்குப் பின்னால் அலைந்தேன். பிறகு, பிறகு என்று கையைத் தட்டிவிட்டாள்.

இரண்டொரு நாளில் வரிசை தொடங்கிவிட்டது. ஆனால் அதைக் கண்டவள் நான் மட்டும். ஏனென்றால் அந்தக் கிழமை ஊரே அம்மாவைப் போலத்தான் இருந்தது. ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. எல்லாரும் கழுவியதையே கழுவினார்கள். எல்லாரும் கொடுத்தார்கள், தெருவில் போகிறவனையும் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். எல்லாரும் தொண்டை கிழியப் பாடினார்கள். எங்கள் அம்மா நித்திரை கொள்ளவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? நாங்கள் மட்டும் கொண்டோமா என்று கேட்பார்கள்.

ஒரு பகல்பூசையில் அது நடந்தது. பறைமேளமும் உடுக்கும் ஏறிக்கொண்டு போயின. ஒவ்வொரு வருஷமும் தெய்வம் ஆடுகிறவர்கள் வேப்பிலையோடு ஆடிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடினாள். எத்தனையோ பேர் ஆடிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் ஆட்டம் பார்த்ததில்லை. மாதக்கணக்காகப் பாயில் கிடந்த உடம்பா இது என்று எனக்கே மெய்சிலிர்த்தது. சனம் விலகி இடம் விட்டது. பூசாரியார் வேப்பிலைக் கொத்தை அவள் கையில் கொடுத்தார். பெண்கள் காலில் விழுந்து, நடக்கப்போவதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். சவூதிக்குப் போன புருஷனைப் பற்றித் தகவலே இல்லாத ஒருத்தியின் தலையில் கையை வைத்து, ஆடி அமாவாசைக்கு முன்னம் அவன் உன் வாசலுக்கு வருவான் என்றாள் அம்மா. அவள் மண்ணில் புரண்டு அழுதாள். நான் ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன். வராவிட்டால் என்ன செய்வது?

மாப்பிள்ளையின் தாய் அன்றைக்குச் சடங்கு பார்க்க ஆறு கடந்து வந்திருந்தார். அளந்து பேசுகிற மனிஷி. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டு போகிறவர். அவரும் வந்து அம்மாவின் காலில் விழுந்தார். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெய்வம் வருகிற வளவுக்கு மகனைக் கொடுக்கத் தான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்னம் கண்டதில்லை. வருத்தத்தை மறைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அந்த வருத்தமே வந்து சம்பந்தத்தை உறுதி பண்ணிக் கொடுத்தது. இதை யாரிடம் சொல்லி அழுவது?

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இது தெய்வமில்லை, உனக்கும் தெரியும், நாளைக்கே பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"அம்மாள் வந்த ஆளுக்குப் பைத்தியக் குளிசை குடுக்கச் சொல்றியா?" என்றாள் அக்கா. "ஆவணி மட்டும் வாயை மூடிக்கொண்டு இரி புள்ள. உன்ர கால்ல விழட்டா?"

சொன்னதோடு நிற்காமல் உண்மையிலேயே குனிந்துவிட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும்தானே. திட்டத்தான் வாயைத் திறந்தேன், திட்ட முடியவில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று போனால் சைக்கிள் இல்லை. யானை.

அடுத்த நாள் காலை எனக்குத் துடக்கு வந்தது. மாதவிலக்கை அப்படித்தான் சொல்வோம். சடங்குக் காலத்தில் துடக்குக்காரி கோயில் பக்கம் போகக் கூடாது. எங்கள் வீட்டிலோ இப்போது தெய்வமே குடியிருந்தது, ஆகவே அங்கேயும் இருக்கக் கூடாது. அப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, ஆற்றங்கரையில் இருக்கிறாள். அங்கே போய் இரு என்றார்கள். குளிசைப் பெட்டியை அக்காவின் கையில் வைத்து, வாயைத் திறந்தாவது போடு என்று சொல்லிவிட்டுப் போனேன். மாமி வீட்டுப் பின்பக்கத்தில், தோணி கவிழ்த்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு பாயும் ஒரு கோப்பையும் தந்தாள். உண்மையைச் சொன்னால், முதல் நாள் முழுக்க அடித்துப்போட்டதுபோல் நித்திரை கொண்டேன். யாருடைய கண் மூடியிருக்கிறது, யாருடைய கண் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் எனக்குக் கிடைத்த ஒரே லீவு அந்தத் துடக்குத்தான்.

மாமி கோயிலுக்குப் போய்வந்து போய்வந்து கதை சொன்னாள். வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு ஆட்கள் வருகிறார்களாம். அம்மா சாப்பிடுவதில்லையாம். குரல் அடைத்துவிட்டதாம், கால் வெடித்து இரத்தம் வருகிறதாம், என்றாலும் ஆட்டம் குறையவில்லையாம். அம்மாள் தன்னைத் தண்ணீருக்குக் கூப்பிடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். மாமி அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நான் பாயிலிருந்து எழுந்துவிட்டேன். குளிசை போட்டாளா என்று கேட்டுவிடு என்று மாமியை அக்காவிடம் அனுப்பினேன். அக்கா வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். அதுதான் பதில்.

கடைசி நாள் பின்நேரம் கும்பத்தை ஆற்றில் சொரிய ஊர் திரண்டு வந்தது. நான் கவிழ்த்த தோணிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அம்மா எல்லாருக்கும் முன்னால் ஆடிக்கொண்டு வந்தாள். ஒரு கிழமைக்குள் பாதியாகியிருந்தாள். சேலை கிடந்த கிடையைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. கும்பத்தைச் சொரிந்தார்கள். முழுகி எழுந்தவர்கள் கரைக்கு வந்தார்கள். அம்மா வரவில்லை. அவள் உள்ளே நடந்தாள். முழங்கால், இடுப்பு. எங்கள் ஆறு ஏமாற்றுக்கார ஆறு. இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சேற்றுக் கிடங்கு வரும். கரையில் நின்ற பெண்கள் குரவை போட்டார்கள். ஆம்பிளைகள் கைகூப்பினார்கள். தெய்வம் வந்த உடம்பைத் தொடக் கூடாது. தொட்டால் குற்றம். ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவருடைய காலும் அசையவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், இந்தத் தடவை தன்னுடைய வாயை. தண்ணீர் அம்மாவின் மார்புக்கு வந்துவிட்டது.

நான் ஓடினேன். துடக்கு, கோயில், ஆவணி ஒன்றும் எனக்கு நினைவில்லை. பின்னால் போய் அம்மாவின் தலைமயிரைப் பிடித்தேன். அவள் திரும்பி என்னைத் தள்ளினாள், தோளில் கடித்தாள். அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம். இரண்டு பேரும் விழுந்து எழுந்தோம். மூக்கெல்லாம் தண்ணீர். கரையைப் பார்த்துக் கத்தினேன்.

"இது தெய்வமில்ல. அம்மாக்கு வருத்தம். மூளையில வருத்தம். ஆராவது வாங்களன்."

ஒருவரும் வரவில்லை. அத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்து கடைசியில் உண்மையை ஊர் முன்னால் கத்தினால், அது ஒரு மனிதரைக்கூட முழங்கால் தண்ணீருக்கு இறக்கவில்லை. அப்போதுதான் மாமி கரையில் நின்று ஒரு கூச்சல் போட்டாள்.

"அவள் துடக்குக்காரி. என்ர வீட்டிலதான் கிடந்தவள். அவள் தொட்டுட்டாள், அம்மாள் போயிட்டா. இனி என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, போய்ப் புடியுங்க."

அவ்வளவுதான். ஆம்பிளைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். தெய்வம் போய்விட்டதென்றால் மிச்சமிருப்பது ஒரு மனிஷிதானே, மனிஷியைத் தொடலாம். அம்மாவைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். மாமி அதை நம்பிச் சொன்னாளா, அல்லது எங்கள் ஆட்களை அறிந்து சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவுமில்லை. எதுவானாலும் அம்மாவின் உயிரைக் காப்பாற்றியது என் உண்மையல்ல, அவளுடைய அந்தச் சத்தம்.

எங்கிருந்தோ அப்பா ஓடிவந்தார். அம்மாவைத் திரீவீலரில் ஏற்றினார்கள். தண்ணீர் குடித்துவிட்டாள், குளிர் பிடித்துவிட்டது, பட்டணத்துக்குக் கொண்டுபோவதை யாரும் தடுக்கவில்லை. நான் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் தாய் எனக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் அக்கா.

"என்னமோ வருத்தம் எண்டு கத்தினாய் புள்ள" என்றார். "அது என்ன கதை? இல்லாட்டி உன்ர மாமி சொல்றதா சரி? துடக்கோடயா தொட்டாய்?"

அக்கா என்னைப் பார்த்தாள். கிணற்றடியில் குனிந்த அதே ஆள்தான். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. இனி மிச்சமிருந்தது அக்கா மட்டும்தான்.

"ஓம்" என்றேன். "துடக்கோடதான் தொட்டன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஊருக்குக் கதை கிடைத்துவிட்டது. தெய்வம் வந்த தாயை இளைய மகள் தீட்டோடு தொட்டாள், அதனால்தான் அந்த மனிஷி வார்ட்டில் கிடக்கிறாள். முந்திய தடவை வார்ட்டில் கிடந்ததை எல்லாரும் மறந்துபோனார்கள். அல்லது மறப்பது நல்லதென்று நினைத்தார்கள். போதாததற்கு, அந்தச் சவூதிக்காரன் ஆடி அமாவாசைக்கு முன்னம் வந்து சேர்ந்தான். கம்பெனியை மூடிவிட்டார்களாம், ஒரு பையோடு வந்து வாசலில் நின்றான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க முடியுமா? ஆவணியில் கலியாணம் சிறப்பாக நடந்தது. அம்மா குளிசையில் நாக்குத் தடித்து, கதிரையில் பேசாமல் இருந்தாள். மாப்பிள்ளையின் தாய் அவளுக்குத் தன் கையால் சோறு குழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது இடையிடையே என்னைப் பார்த்தார். அத்தான் எங்கள் வளவுக்கு வந்த முதல் மாதமே பிரஷர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். தன் தாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பாடுபட்டு மறைத்தது அந்த மனிதருக்குப் பெரிய விஷயமாகவே இருக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

கலியாணம் முடிந்ததும் அம்மா பாயில் விழுந்தாள். பின்பக்கத்து அறையில், சுவரைப் பார்த்தபடி. குளிசையைக் கொண்டு போனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் குளிசையைத் தரையில் வீசியும் விட்டேன். அப்போதுதான் திரும்பிப் பேசினாள்.

"அம்மாள் என்னில வந்தா. அந்த ஒரு கிழமைதான் நான் ஆளா இருந்தன், ஊரே என்ர கால்ல கிடந்திச்சு. நீதான் துரத்தினாய்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோளில் அவள் கடித்த தழும்பு அப்போது ஆறியும் ஆறாமலும் இருந்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அம்மாளிடம் மன்னிப்புக் கேள் என்றாள். வருஷா வருஷம் மடைப்பெட்டி எடுத்துக் கேள். எடுத்தால் குளிசை போடுவேன், எடுக்காத வருஷம் விட்டுவிடுவேன் என்றாள்.

அப்படித்தான் எங்கள் ஒப்பந்தம் எழுதாமல் கையெழுத்தானது. நான் உயர்தரச் சோதனையை இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினேன். வந்தாறுமூலையில் கம்பஸ் கிடைத்ததும் விடுதிக்குப் போகாமல் பஸ்ஸில் போய்வந்தேன். இப்போது பட்டணத்தில் வேலை. வாரக்கடைசியில் வந்து பெட்டியில் குளிசை நிரப்பி வைத்துவிட்டுப் போகிறேன். வைகாசி வந்தால் லீவு போடுவேன். ஓலைப் பெட்டிக்குள் பச்சரிசி, தேங்காய், வெற்றிலை, பழம் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, அந்த மடைப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கோயில் வெளியைச் சுற்றி வருவேன். தெருவில் இப்போதும் ஒருத்தி மற்றவளின் காதில் சொல்வாள், இவள்தான் அவள் என்று. அம்மாவை ஆற்றிலிருந்து இழுத்ததற்காக அம்மாளிடம் வருஷா வருஷம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குக் கூலியாக அம்மா வருஷம் முழுக்கக் குளிசை விழுங்குகிறாள். இதைவிட மலிவாக எனக்கு ஒரு வழி கிடைக்கவில்லை.

இந்த வருஷமும் எடுத்தேன். அலுவலகத்தில் வேலை குவிந்த மாதம், வீட்டு நினைவு வேறு, கண் மூடி எத்தனையோ நாளாகியிருந்தது. வெயிலில் பெட்டியைச் சுமந்து வந்து, பூசை முடிந்து, அம்மாவின் பின்பக்கத்து அறையில் சுவரோடு சாய்ந்து இருந்தேன். அம்மா வழக்கம்போலக் கேட்டாள், அம்மாளிடம் என்ன கேட்டாய் என்று. மன்னிப்பு என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு வாய் அலுத்துப்போயிருந்தது.

"நித்திரை கேட்டன்" என்றேன்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு கிட்ட வந்து, நான் அவளுக்குச் செய்வதுபோலவே என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எத்தின நாளா?"

"கொஞ்ச நாளா."

"கழுவின சட்டியத் திரும்பக் கழுவுறியா?"

அந்த வரிசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "வெறும் களைப்பு."

"சேல சட்ட ஆருக்கும் தூக்கிக் குடுத்தியா?"

"இல்ல."

அவள் நம்பவில்லை. நாளைக்குத் தன்னோடு கிளினிக்குக்கு வா, அந்த டொக்டரிடம் ஒரு சொல் சொல்லிவிடலாம், பயப்படாதே, தொடக்கத்திலேயே போனால் ஒன்றும் செய்யாது என்றாள். அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தன் பாயை இழுத்து எனக்குப் போட்டாள். தான் பக்கத்தில் வெறுந்தரையில் இருந்துகொண்டு, விசிறியால் விசிறியபடி, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டா இவ்வளவு காலமும் என் தலையில் பெட்டியைத் தூக்கி வைத்தாய் என்று கேட்க நினைத்தேன். காலைக் குளிசை போட்டாயா என்று கேட்கவும் மறந்துபோய் நித்திரையாகிவிட்டேன்.